பிரேக் பிடிக்குது

அத்தியாயம் 9

“நாலு மணிக்கு உங்க தம்பியைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். அதுக்கு முன்னாடி வாயைத் திறக்கச் சொல்லுங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

“சார், என் தம்பிக்கு ஒருத்தரைக் கொல்ற அளவுக்குப் பொறுமை கிடையாது. எந்த வேலையிலயும் மூணு மாசம் தாங்க மாட்டான். கொலைன்னா எவ்வளவு வேலை இருக்கு!” என்றான் ரேடியோ.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வாயை மூடத் தெரியாததால் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர் ரேடியோ. நேற்றுக் காலையிலிருந்து அந்த வாய் தானாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்ற பயம் அவனுக்கு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்வேயரம்மா தன் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் இல்லை. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது தானாக மோதியது, எது மோதவைக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதே மூளையை வைத்துத் துப்பறிகிறார். ரேடியோ அவரிடம் ஆறு வருடமாக உதவியாளன். இதுவரை வந்த கேஸெல்லாம் ஊரார் கேஸ். இது சொந்த வீட்டுக் கேஸ்.

அக்காவின் வீட்டுக்காரர், ரேடியோவுக்கு மாமா, நேற்று காலை பத்து மணிக்கு மேட்டு ரோட்டின் இறக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு தடுப்புச் சுவரில் மோதினார். “பிரேக் இல்ல, பிரேக் இல்ல” என்று கத்திக்கொண்டே வந்ததை எதிரே வந்த லாரி டிரைவர் கேட்டிருக்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அந்த வண்டிக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பிரேக் பேட் மாற்றிக் கொடுத்தது தம்பி. புருஷனுக்காக அழுவதா, தம்பிக்காக அழுவதா என்று தெரியாமல் அக்கா ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“பேட் மாத்தினதுல ஏதோ தப்பு நடந்திருக்கலாமே சார்?” என்றார் சர்வேயரம்மா. “வீட்டுல பண்ற வேலை. ஒரு திருகை முறுக்க மறந்திருக்கலாம்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்மா. இதைப் படிங்க.” இன்ஸ்பெக்டர் மாமாவின் போனை நீட்டினார். திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும், மாமா தம்பிக்கு அனுப்பிய மெசேஜ்.

*மச்சான் பிரேக் பிடிக்குது. சாயங்காலம் வீட்டுக்கு வா.*

“பிரேக் பிடிக்குதுன்னு அவரே எழுதியிருக்கார். ஒன்பது இருபதுக்கு வண்டி நல்லா இருக்கு. ஒன்பது முப்பத்தெட்டுக்கு உங்க தம்பி கையில ஸ்பேனரோட ஆபீஸ் கேட்டுக்குள்ள ஓடுறான், கேமராவுல இருக்கு. ஒன்பது நாற்பத்தஞ்சுக்கு ஆபீஸ் வேலையா இவர் வண்டியை எடுத்துட்டு வெளியே வரார். பத்து அஞ்சுக்கு பிரேக் இல்ல. நடுவுல அந்த ஏழு நிமிஷம் உங்க தம்பி பார்க்கிங்ல என்ன பண்ணினான்?”

“அவனைக் கேட்டீங்களா?”

“நேத்திலிருந்து கேக்கறோம். பிரேக்கை நான் சரியாத்தான் வச்சேன்னு சொல்றான். ஸ்பேனர் எதுக்குன்னு கேட்டா வாயில பூட்டு. போன மாசம் அவர் இவனைத் தெருவுல வச்சு அறைஞ்சிருக்கார். ‘ஒரு நாள் இருக்கு உனக்கு’ன்னு இவன் கத்தினதைத் தெருவே கேட்டிருக்கு. அவரோட அண்ணன் புகார் எழுதிக் கொடுத்துட்டார். எங்க மெக்கானிக் வண்டியைப் பாத்து, கால் பிரேக் மெத்துனு இருக்கு, உள்ள காத்து ஏறியிருக்கு, யாரோ காத்து எடுக்கிற திருகைத் திறந்து விட்டிருக்காங்கன்னு எழுதிட்டார். நான் வேற என்ன பண்ண?”

“அறைஞ்சது மூணாவது வேலையையும் விட்டுட்டு வந்ததுக்கு சார்” என்றான் ரேடியோ. “எங்க வீட்டுல அவனை எல்லாருமே அறைஞ்சிருக்கோம். மாமா கொஞ்சம் லேட்டு.”

*

கம்பிக்குப் பின்னால் தம்பி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரே நாளில் முகம் இப்படிச் சுருங்கிப் போகும் என்று ரேடியோ நினைக்கவில்லை.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“டேய், ஸ்பேனரை எடுத்துட்டு எதுக்குடா அங்க போன? அதை மட்டும் சொல்லு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். பிறகு ரேடியோவைத் தாண்டி சர்வேயரம்மாவைப் பார்த்துப் பேசினான்.

“மேடம், எங்கண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. இந்தக் கேஸ்ல அவன் வேண்டாம்.”

“ஏன்பா?”

“வேண்டாம் மேடம். நீங்களும் எதையும் தோண்டாதீங்க. மாமா முழிச்சுட்டாரா?”

“இன்னும் இல்ல” என்றான் ரேடியோ.

தம்பி மறுபடி தலையைக் குனிந்துகொண்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரேடியோ கெஞ்சினான், திட்டினான், அக்கா பெயரைச் சொல்லிப் பார்த்தான். கல்லிடம் பேசியிருந்தால் அதுகூட இரண்டு வார்த்தை பதில் சொல்லியிருக்கும். பத்து நிமிடம் வீணானதுதான் மிச்சம்.

வெளியே வந்ததும் அவன் வெடித்தான். “திமிர் மேடம்! உள்ள போகப் போறான், அப்பவும் திமிர்!”

“திமிர் இல்ல. குற்றவாளி தப்பிக்கப் பேசுவான், நிரபராதி நிரூபிக்கப் பேசுவான். பேசாம இருக்கிறவன் யாரையோ மறைக்கிறான்” என்றார் சர்வேயரம்மா. “வா, வண்டியைப் பார்க்கலாம்.”

*

ஸ்டேஷனுக்குப் பின்புறம், பறிமுதல் செய்த வண்டிகளின் வரிசையில் கடைசியாக மாமாவின் மோட்டார் சைக்கிள் சாய்ந்து நின்றது. முன் சக்கரம் நெளிந்து, ஹெட்லைட் உடைந்து கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மணி இரண்டு ஐம்பது.

சர்வேயரம்மா உடைந்த முன்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின் சக்கரத்தருகே போய்க் குந்தினார். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, அந்த டிஸ்க்கின் மேல் விரலை வைத்தார்.

“இது என்ன கலர் ரேடியோ?”

“நீலம் மாதிரி இருக்கு மேடம். ஓரத்துல கொஞ்சம் பழுப்பு. பெயிண்ட்டா?”

“எந்த ஊர்ல பிரேக் டிஸ்க்குக்குப் பெயிண்ட் அடிப்பாங்க? இரும்பு பழுக்கக் காய்ஞ்சா இந்த நிறம் வரும். முன்னாடி டிஸ்க்கைப் பாரு, வெள்ளையா இருக்கு. பின்னாடி மட்டும்தான் வெந்திருக்கு.”

“இறக்கத்துல மிதிச்சுட்டே வந்திருப்பார்.”

“அந்த இறக்கம் அரை கிலோமீட்டர். அதுல இவ்வளவு வேகாது.” அவர் எழுந்தார். “அந்த ஸ்பேனரைக் கேட்டு வாங்கிட்டு வா. கவரோட கொடுத்தா போதும், நான் தொட மாட்டேன்.”

ரேடியோ ஓடினான். ஒரு கான்ஸ்டபிள் கூடவே வர, பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த ஸ்பேனரோடு திரும்பினான். இரண்டு பக்கமும் வாய் உள்ள சாதாரண ஸ்பேனர். அதன் மேல் பொறித்திருந்த எண்களை சர்வேயரம்மா வாய்விட்டுப் படித்தார்.

“பன்னெண்டு, பதிமூணு.” கான்ஸ்டபிளிடம் திரும்பினார். “தம்பி, காத்து எடுக்கிற திருகு எந்த சைஸ் தெரியுமா? எட்டு. இந்த ஸ்பேனரை அதுல போட்டா சுத்திட்டேதான் இருக்கும், ஒரு நூல்கூட நகராது. உங்க மெக்கானிக் திருகைச் சொன்னார், ஸ்பேனரைப் பார்க்கல. நீங்க ஸ்பேனரைப் பிடிச்சீங்க, திருகைப் பார்க்கல.”

ரேடியோவுக்கு மூச்சு வந்தது. “மேடம்! இதை எழுதிக் கொடுத்தாலே போதுமே! அவன் சும்மா கையில வச்சிருந்தான்னு...”

“சும்மா யாரும் ஸ்பேனரைத் தூக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓட மாட்டாங்க. பன்னெண்டாம் நம்பர் எங்க சேரும்னு தெரிஞ்சுதான் ஓடினான்.” அவர் மறுபடி குந்தி, கால் பிரேக் பெடலின் பின்னால் எட்டிப் பார்த்தார். “பன்னெண்டாம் நம்பருக்கு பிரேக் பக்கத்துல ஒரே ஒரு நட்டு. பெடலுக்கும் பிரேக் ஆயில் பம்புக்கும் நடுவுல இருக்கிற கம்பியில. கொஞ்சம் தள்ளு, நிழல் விழுது.”

ரேடியோ தள்ளி நின்றான்.

“அந்த மெசேஜை மறுபடி சொல்லு.”

“மச்சான் பிரேக் பிடிக்குது, சாயங்காலம் வீட்டுக்கு வா.”

“நீ ஒரு மெக்கானிக்கிட்ட போய், ‘அண்ணே, வண்டி பிரேக் பிடிக்குது’ன்னு சொன்னா அவர் என்ன பண்ணுவார்? நல்ல செய்தின்னு கை கொடுப்பாரா?”

“இல்ல மேடம். லூஸ் பண்ணி விடுவார். சக்கரம் சுத்தாம பிரேக் பிடிச்சுட்டே இருக்குன்னு அர்த்தம்.”

“இன்ஸ்பெக்டருக்கு பிடிக்குதுன்னா வேலை செய்யுது. வண்டி ஓட்டுறவனுக்குப் பிடிக்குதுன்னா கோளாறு. உங்க மாமா சமாதானம் சொல்லி மெசேஜ் அனுப்பல. வண்டி இழுக்க மாட்டேங்குது, சாயங்காலம் வந்து சரி பண்ணுன்னு கூப்பிட்டிருக்கார். அதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள் உன் தம்பி. சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னும் அவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அதனாலதான், போன்ல சொன்னா அவர் கேக்க மாட்டார்னு, ஸ்பேனரோட ஓடினான். வண்டியைத் தேடறதுக்குள்ள அவர் கிளம்பிட்டார்.”

“கெடுக்க ஓடல. காப்பாத்த ஓடியிருக்கான்” என்றான் ரேடியோ. தம்பியைத் திமிர் பிடித்தவன் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. “ஆனா மேடம், பிரேக் பிடிச்சா வண்டி நிக்கணும். மாமா பிரேக் இல்லன்னு கத்தினாரே?”

“அதுதான் இதுல வேடிக்கை. பெடலுக்குக் கொஞ்சம் ஆட்டம் வேணும். விரல் கனம் ஆடினா போதும். அந்த ஆட்டத்துலதான் சூடான பிரேக் ஆயில் திரும்பி மேல போக வழி திறக்கும். ஆட்டமே இல்லாம நட்டை முறுக்கி வச்சுட்டா வழி அடைச்சுப் போச்சு. ஆயில் சூடாக சூடாக விரியும், போக இடமில்லாம பேடைத் தள்ளும். பேட் உரசி இன்னும் சூடாகும். ஆபீஸ் போற வரைக்கும் லேசா இழுத்திருக்கும். மறுபடி கிளம்பி இருபது நிமிஷத்துல ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. இறக்கத்துல மிதிச்சப்போ கால் ஆவியைத்தான் மிதிச்சது. பதறிப் போய் முன் பிரேக்கை ஒரேயடியா அழுத்தியிருப்பார், சக்கரம் வழுக்கியிருக்கும். கான்ஸ்டபிள் தம்பி, உங்க மெக்கானிக் பார்த்த காத்து வெளியிலிருந்து வந்தது இல்ல, உள்ளயே கொதிச்சு வந்தது.”

கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தான். “நாங்க எல்லாரும் எதை லூஸ் பண்ணாங்கன்னு தேடிட்டிருக்கோம்.”

“டைட் பண்ணியிருக்காங்க” என்றார் சர்வேயரம்மா. “இதோ பாருங்க. இந்தக் கம்பியில சிவப்பா ஒரு கோடு. நகப் பூச்சு. நட்டு இங்கதான் இருக்கணும்னு வேலை முடிச்சவன் கம்பியையும் நட்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டிருக்கான். நல்ல வேலைக்காரன். இப்போ நட்டுல இருக்கிற கோடு எங்கயோ போயிடுச்சு. ரெண்டு சுத்து ஏறியிருக்கு. ரேடியோவோட தம்பி அடையாளம் வச்ச பிறகு வேற ஒரு கை பட்டிருக்கு.”

“அந்தப் பார்க்கிங்ல எவனோ...” என்று ஆரம்பித்தான் ரேடியோ.

“பார்க்கிங்லன்னா அந்த எவனோ உன் தம்பிதான். கேமராவுல அவன்தான் இருக்கான். அது இல்ல. வீட்டிலிருந்து ஆபீஸ் வரும்போதே பிரேக் பிடிச்சிருக்கு, ஒன்பது இருபதுக்கே மெசேஜ் வந்துடுச்சு. அப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுலயே நடந்திருக்கு. யாரெல்லாம் இருந்தீங்க?”

“அக்கா, மாமா, தம்பி, நான். மத்தியானம் எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். ஒரு மாசம் கழிச்சு மாமாவும் தம்பியும் பேசிக்கிட்டாங்க.”

“அக்கா ஸ்பேனர் பிடிப்பாளா?”

“அக்காவா? டப்பா மூடியைத் திறக்கவே என்னைக் கூப்பிடுவா.”

“மாமா?”

“மாமா காத்தடிக்கக்கூட கடைக்குத்தான் போவார். அவருக்கு இதெல்லாம் சுத்தமா...”

ரேடியோ நிறுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. தம்பி உள்ளே போய்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். சாக்கு மேல் ஸ்பேனர்கள் பரப்பிக் கிடந்தன. ரேடியோ சும்மா வண்டி மேல் ஏறி உட்கார்ந்தான். காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். பெடல் லொடலொடவென்று ஆடியது. பையன் முறுக்க மறந்துவிட்டான் என்று நினைத்தான். அவனுடைய சொந்த வண்டி, ஆயில் இல்லாத பழைய டிரம் பிரேக் வண்டி. மாதத்துக்கு ஒரு தடவை அதன் நட்டை அவனேதான் முறுக்குவான், முறுக்கினால் நன்றாக நிற்கும். கீழே இறங்கி, பன்னிரண்டாம் நம்பரை எடுத்து, பெடலின் ஆட்டம் நிற்கிற வரைக்கும் முறுக்கினான். “தம்பி, மாமா உயிர் மேல ஆசை இருந்தா பிரேக்கை டைட்டா வைடா!” என்று உள்ளே பார்த்துக் கத்தவும் கத்தினான். குழாய்ச் சத்தத்தில் பதில் வரவில்லை. அப்புறம் சாமானையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டான். நேற்றிலிருந்து யார் எதைக் கழற்றினார்கள், யார் எதைத் தளர்த்தினார்கள் என்று ஆயிரம் தடவை யோசித்தவனுக்கு, முறுக்கியது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அது நல்ல காரியம் என்ற கணக்கில் மறந்து போயிருந்தது.

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“ரேடியோ?”

“நான்தான் மேடம்.”

சர்வேயரம்மா எழுந்திருக்கவில்லை. நட்டின் அருகிலிருந்து கையை மட்டும் எடுத்தார். கான்ஸ்டபிள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மணி மூன்று பதினைந்து.

“உனக்குத் தெரியாம நடந்தது” என்றார் அவர் மெல்ல.

“தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த மெசேஜ் வந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கு. அதான் என்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்னான்.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நாலு மணிக்குள்ள எழுதி முடிச்சுடலாமா மேடம்? எனக்குக் கையெழுத்து கோழிக் கிறுக்கல், நீங்க எழுதுங்க. நான் சொல்றேன்.”

*

இன்ஸ்பெக்டர் அந்த வாக்குமூலத்தை மூன்று தடவை படித்தார். வண்டியருகே போய் நட்டைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், எட்டாம் நம்பர் ஸ்பேனரைத் தருவித்துப் போட்டுப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“கொலை முயற்சின்னு போட்டதை எடுக்கணும். கவனக்குறைவுன்னு உங்க மேல எழுதுவேன். கூப்பிடுற நேரம் வரணும், ஊரை விட்டுப் போகக்கூடாது.” கொஞ்சம் தயங்கினார். “அவருக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா கேஸ் இதோட நிக்காது. புரியுதா?”

“புரியுது சார்.”

கம்பிக் கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். மேஜை மேல் இருந்த தாளின் அடியில் அண்ணனின் கையெழுத்தைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

“ஏன்ணே சொன்ன?”

“நீ ஏண்டா சொல்லல?”

“குழாயடியிலிருந்து நீ குனிஞ்சு நின்னதைப் பார்த்தேன், சாமான் எடுத்து வைக்கிறியோன்னு நினைச்சுட்டேன். நான் ஒரு தடவை மிதிச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கல.” அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “மாமா பிழைக்கலைன்னா அக்காவையும் வீட்டையும் யாரு பாத்துக்கறது? உனக்கு ஒரு வேலை இருக்கு. நான் எதுக்கும் உதவாதவன்தானே. உள்ள போறதுன்னா நான் போறதுதான்ணே சரி.”

ரேடியோ அவனை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். இருபத்து நாலு வயதுப் பயல் ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் தேம்பித் தேம்பி அழுதான். மூலை மேஜையில் இருந்த ஸ்டேஷன் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. ரேடியோ வாசல் படிக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“தம்பியை விட்டுட்டாங்களா?”

“விட்டுட்டாங்கக்கா. அவன் ஒரு தப்பும் பண்ணல. மாமா எப்படி இருக்கார்?”

“அப்படியேதான் இருக்கார். கூப்பிட்டா விரல் அசையுதுன்னு நர்ஸ் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல.” அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அவன் பண்ணலைன்னா யாருடா பண்ணது? எந்தப் பாவி கை வச்சான்?”

“நான்தான்க்கா.”

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவள் கேட்கவில்லை. அவன் குரலிலேயே தெரிந்திருக்க வேண்டும். நட்டு, பெடல், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி என்று எல்லாவற்றையும் அவன் கோர்வையில்லாமல் சொல்லி முடித்தான். அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது.

“அக்கா, நான் அங்க வரட்டுமா?”

“வா” என்றாள். “வந்து கீழேயே இரு. மேல வராத. அவர் கண்ணு முழிக்கிற வரைக்கும் நீ என் முகத்துல முழிக்காத.”

போன் அணைந்தது.

ரேடியோவும் தம்பியும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தம்பி மாடிக்கு ஏறினான். ரேடியோ கீழே, மருந்துக்கடைக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில், படிக்கட்டு தெரிகிற மாதிரி உட்கார்ந்தான்.